பிரிவதற்கு எழுதுகிறார்கள், நோய்க்கும் சாவுக்கும் எழுதுவதில்லை

கல்யாணத்துக்கு முன்னால் ஒப்பந்தம் என்று பேச்செடுத்தாலே எல்லாருக்கும் விவாகரத்துதான் ஞாபகத்துக்கு வருகிறது. பிரிந்தால் வீடு யாருக்கு, பணம் எவ்வளவு, ஜீவனாம்சம் உண்டா. அதைப் பற்றி ஆதரவாகவும் எதிராகவும் நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் பிரியவே பிரியாமல், கடைசி வரை ஒற்றுமையாக இருந்த ஜோடிகள் காகிதம் இல்லாமல் படும் பாட்டை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதிலும் கல்யாணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்பவர்கள் நிலைமை ரொம்ப மோசம்.

எனக்கு நெருங்கிய தோழி ஒருத்தி பல வருடமாக ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்தாள். ஒருநாள் அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரியில் நீட்டிய படிவத்தில் நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது, இவள் ‘துணை’ என்று எழுதினாள். வாங்கிப் பார்த்தவர், ‘ரத்த சொந்தம் யாரும் இல்லையா மேடம்?’ என்று கேட்டார். அவசர சிகிச்சையை யாரும் நிறுத்தவில்லை, அது பாட்டுக்கு நடந்தது. ஆனால் அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு முடிவுக்கும் அவருடைய அண்ணனைத்தான் கேட்டார்கள். அண்ணன் கெட்டவர் இல்லை, பாவம், அடித்துப் பிடித்து ஓடி வந்தார். ஆனால் தம்பி தினமும் என்ன மாத்திரை போடுகிறார், எதற்கு அலர்ஜி, இப்படி ஒரு நிலைமை வந்தால் தனக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார், எதுவும் அவருக்குத் தெரியாது. தெரிந்தவள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் இறந்த பிறகு வீட்டுப் பிரச்சினை. பத்திரம் அவர் பெயரில், கடனும் அவர் பெயரில். இவள் மாதாமாதம் தன் பங்காகப் பாதித் தவணையை அவர் கணக்குக்கு அனுப்பியிருக்கிறாள், ‘வீட்டுச் செலவு’ என்று குறிப்புப் போட்டு. பேங்க் ஸ்டேட்மென்டில் இருப்பது அந்த இரண்டு வார்த்தைதான். அது கடன் தவணையா, மளிகைச் செலவா, வாடகையா, யாருக்குத் தெரியும்?

வருடக்கணக்கில் ஒரே வீட்டில் இருந்துவிட்டால் சட்டம் தானாகவே கணவன் மனைவி மாதிரி பார்த்துக்கொள்ளும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். இங்கிலாந்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. உயில் எழுதாமல் இறந்துபோனால் கல்யாணம் ஆகாத துணைக்குத் தானாக ஒன்றும் வராது, குறைந்தது இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தால் 1975-ம் வருடச் சட்டத்தின் கீழ் கோர்ட்டுக்குப் போய்க் கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். கனடாவில் மாகாணத்துக்கு மாகாணம் வேறு: பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தாலே சொத்துப் பங்கீட்டில் தம்பதி என்றுதான் கணக்கு, ஒன்டாரியோவில் எத்தனை வருடம் வாழ்ந்தாலும் அந்தப் பங்கீட்டு உரிமை கல்யாணம் ஆனவர்களுக்குத்தான். பிரான்சில் கல்யாணம் செய்யாமலே சேர்ந்து வாழ்வதைப் பதிந்துகொள்ள 1999-லிருந்து பாக்ஸ் (PACS) என்ற முறை இருக்கிறது, அதைப் பதிந்தவர்களுக்கும் உயில் இல்லாவிட்டால் வாரிசுரிமை இல்லை. இந்தியாவில் 2005-ம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம் திருமணம் போன்ற உறவில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பு தருகிறது. ஆனால் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் சொத்து யார் யாருக்குப் போகும் என்ற வாரிசுப் பட்டியலில் ‘கூட வாழ்ந்தவர்’ என்று ஒரு இடம் இல்லை.

ஆகவே முதலில் வீடு. பெரும்பாலான ஜோடிகளுக்கு இதுதான் இருப்பதிலேயே பெரிய சொத்து, இதில்தான் கவனமும் குறைவு. இரண்டு பேர் பெயரையும் பத்திரத்தில் போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், எப்படிப் போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். ஒருவர் இறந்ததும் முழு வீடும் மற்றவருக்கே போகிற மாதிரி எழுதலாம். ஆளுக்கு இவ்வளவு பங்கு என்று எழுதினால், இறந்தவர் பங்கு அவருடைய உயில்படி போகும், உயில் இல்லாவிட்டால் அவர் வாரிசுகளுக்குப் போகும். இரண்டாவது வகையில் எழுதிவிட்டு உயிலும் எழுதாமல் விட்டால், ஒரு நாள் மாமியாரும் நாத்தனாரும் உங்கள் வீட்டின் பங்குதாரர்களாக ஆகிவிடுவார்கள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று வக்கீலிடம் ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒருவர் பெயரில் மட்டும்தான் வாங்க முடிகிறது என்றால் (கடன் தகுதி, வேறு காரணம், எதுவாகவும் இருக்கட்டும்) பக்கத்திலேயே ஒரு ஒப்பந்தம் இருக்க வேண்டும். முன்பணத்தில் யார் எவ்வளவு போட்டது, தவணையில் யார் பங்கு எவ்வளவு, பிரிந்தால் வீட்டை எடுத்துக்கொள்ளும் முதல் வாய்ப்பு யாருக்கு, விலையை யார் மதிப்பிடுவது, பணம் கொடுக்க எத்தனை மாதம் டயம். இரண்டு பக்கத்தில் முடிகிற விஷயம். அப்புறம் பணம் அனுப்பும்போது ‘வீட்டுக் கடன், என் பங்கு’ என்று குறிப்புப் போடுங்கள். சின்ன விஷயம்தான், சாட்சியாக நிற்கப்போவது அதுதான்.

உயில் எழுதாத ஜோடிகளைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே பதறுகிறது. ஏற்கெனவே எழுதியவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கல்யாணம் செய்துகொண்டால், அந்தக் கல்யாணத்தை மனதில் வைத்தே எழுதப்பட்டதாக இல்லாத பட்சத்தில், பழைய உயில் ரத்தாகிவிடும். ஒன்டாரியோவிலும் அப்படித்தான் இருந்தது, 2022 ஜனவரி 1-லிருந்து மாற்றிவிட்டார்கள். யாருக்கு எழுதுகிறீர்களோ அவரையே சாட்சிக் கையெழுத்துப் போட வைக்காதீர்கள், பல சட்டங்களில் அவருக்கு எழுதியது செல்லாமல் போய்விடும்.

‘நாமினி போட்டிருக்கிறேன், போதாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. கம்பெனிப் பங்குகளில் நாமினி சொத்துக்கு முதலாளி ஆகிவிடுவதில்லை என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம். கல்யாணம் செய்துகொள்ளாத துணை அந்தப் பட்டியலில் இல்லை. நாமினியும் போடுங்கள், உயிலும் எழுதுங்கள்.

மருத்துவ முடிவுகளுக்கான பத்திரம் தனி. சாதாரண பவர் பத்திரம் பல நாடுகளில், கொடுத்தவர் நினைவிழந்த உடனே செல்லாமல் போய்விடும், அதாவது தேவைப்படும் நேரத்தில்தான் உதவாது. இங்கிலாந்தில் இதற்கென்றே தனி பவர் இருக்கிறது, ஆனால் பதிவு செய்த பிறகுதான் பயன்படுத்த முடியும். இந்தியாவில், குணமாக வாய்ப்பில்லாத கட்டத்தில் செயற்கையாக உயிரை நீட்டிக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கவும், அப்போது யாரைக் கேட்க வேண்டும் என்று பெயர் சொல்லவும் உச்ச நீதிமன்றம் 2018-ல் வழி செய்தது. 2023-ல் அந்த முறையை எளிதாக்கியதால் இப்போது நோட்டரி முன்னாலேயே கையெழுத்துப் போடலாம். படுத்த பிறகு இதில் எதையும் எழுத முடியாது.

சரி, கல்யாண ஒப்பந்தத்துக்கு வருகிறேன். நான் அதற்கு எதிரி இல்லை. ஆனால் எப்படிப் போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பு சொன்ன தோர்ன் எதிர் கென்னடி வழக்கைப் பாருங்கள். கென்னடி கோடீஸ்வரர், வயது 67. அவர் கட்டிக்கொள்ளவிருந்த தோர்ன் என்ற பெண்ணுக்கு 36, அவரை நம்பி வேறு நாட்டிலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா அம்மாவும் சகோதரியும் கல்யாணத்துக்காக விமானத்தில் வந்து இறங்கியாகிவிட்டது, துணி எடுத்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் கையெழுத்து, போடாவிட்டால் கல்யாணம் இல்லை. அவளுடைய வக்கீலே ‘போடாதே’ என்று சொல்லியும் போட்டாள், வேறு என்ன செய்வாள்? அந்த ஒப்பந்தம் செல்லாது என்று நீதிமன்றம் தள்ளிவிட்டது. அவளுக்குத் தனி வக்கீல் இருந்தும் அது செல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மாதக்கணக்கில் நேரம் கொடுத்து, இரண்டு பக்கமும் சொத்து, கடன் எல்லாவற்றையும் மறைக்காமல் காட்டி, ஆளுக்கொரு வக்கீல் வைத்து எழுதியதுதான் நிற்கும். பிள்ளைகள் யாரிடம் வளர வேண்டும் என்பதை மட்டும் எவ்வளவு அழகாக எழுதினாலும் கோர்ட் அதற்குக் கட்டுப்படாது, பிள்ளையின் நலனைத்தான் பார்க்கும்.

இதையெல்லாம் எழுதி முடித்தால் நகல் இரண்டு பேரிடமும் இருக்கட்டும். மருத்துவப் பத்திரத்தைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பெயரில் மட்டும் இருக்கும் லாக்கரில் அசலைப் பூட்டி வைத்தால், அவர் இறந்த அன்று உங்களால் அதைத் திறக்க முடியாது. அண்ணன், தங்கை, அப்பா, அம்மாவிடமும் இப்படி எழுதியிருக்கிறோம் என்று முன்னாலேயே, எழுதியவர் வாயாலேயே, சொல்லிவிடுங்கள். ‘அவன் இப்படி எழுதியிருக்கவே மாட்டான்’ என்று பின்னால் சண்டை போட வருபவர்களில் பாதிப் பேர், அவன் சொல்லி ஒரு தடவை கேட்டிருந்தால் வந்திருக்க மாட்டார்கள்.