கல்லூரிப் பெண்கள் சாஃப்ட்பால் அணிக்கு நிதி திரட்டல்: வசூலுக்கு முன்னும் பின்னும்

பேஸ்பாலை ஒத்த சாஃப்ட்பால் ஆட்டத்தின் அமெரிக்கக் கல்லூரிப் பருவம் பிப்ரவரியில் தொடங்குகிறது. வட மாநிலங்களில் அப்போது மைதானம் பனிக்கடியில் கிடக்கும். அதனால் முதல் வாரங்களில் அணி ஃபுளோரிடா, அரிசோனா, கலிஃபோர்னியா பக்கம் போய்த்தான் ஆட வேண்டும். சிறிய கல்லூரிகளில் துண்டு விழுவது பெரும்பாலும் இந்தப் பயணத்தில்தான். பெற்றோரும் பழைய மாணவிகளும் சேர்ந்து நடத்தும் பூஸ்டர் கிளப்புக்கு வேலை இங்கே தொடங்குகிறது.

ஆனால் யாரிடமும் ஒரு டாலர் கேட்பதற்கு முன் கல்லூரியின் விளையாட்டுத் துறையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ஆண்கள் பேஸ்பால் அணிக்கு என்னென்ன இருக்கிறது? 1972-இன் டைட்டில் நைன் சட்டம் ஆண், பெண் விளையாட்டுகளுக்குச் சமமான வசதி வேண்டும் என்கிறது. அந்த வசதிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது இதில் பொருட்டல்ல. பேஸ்பால் பெற்றோர்கள் வசூலித்துக் கட்டிய உடைமாற்றும் அறையாக இருந்தாலும், அதனால் ஏற்படும் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்யும் பொறுப்பு கல்லூரியுடையது. ஒப்பீடு ஒட்டுமொத்த ஆண், பெண் திட்டங்களுக்கு இடையேதான் நடக்கும் என்றாலும், மைதான விளக்கு, பேட்டிங் கேஜ் (பயிற்சிக்கான வலைக்கூண்டு), உடைமாற்றும் அறை ஆகியவற்றில் வித்தியாசம் பேஸ்பாலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பளிச்சென்று தெரியும். கல்லூரி கொடுக்க வேண்டியதைப் பெண்களின் பெற்றோர் உண்டியல் குலுக்கிக் கொடுக்கக் கூடாது. இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் வசூல்.

அடுத்தது, பணம் எந்தக் கணக்கில் விழ வேண்டும் என்பது. வழி இரண்டு. ஒன்று, கல்லூரியின் அறக்கட்டளை வழியாக வாங்குவது. ரசீது, வரிக்கணக்கு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆனால் நன்கொடைப் படிவத்திலும் காசோலையிலும் ‘பெண்கள் சாஃப்ட்பால்’ என்று குறிப்பிடாவிட்டால் பணம் பொது நிதிக்குப் போய்விடும். மற்றது, தனியாக 501(சி)(3) அமைப்பு, அதாவது வரிவிலக்குப் பெற்ற தொண்டு அமைப்பு, பதிவு செய்வது. ஆண்டு வரவு 50,000 டாலருக்குள் இருக்கும் என்று எதிர்பார்க்கும் சிறு குழு 1023-ஈஇசட் என்ற சுருக்கப் படிவத்திலேயே விண்ணப்பிக்கலாம். பல மாநிலங்கள் நன்கொடை கேட்பதற்கே தனிப் பதிவு கேட்கும். எந்த வழியானாலும் யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்கிலோ பணப்பரிமாற்றச் செயலியிலோ வாங்காதீர்கள். அந்தத் தொகை அவருடைய வருமானமாக வரித்துறைக்குப் போகக்கூடும், நன்கொடையாளருக்கும் வரிவிலக்கு கிடைக்காது.

விளையாட்டு விதிகள் மீறப்படாமல் பார்த்துக்கொள்ளும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். வீராங்கனையின் பெயர், படம், நேரில் வருகை எது இருந்தாலும் அவர்களுடைய எழுத்துபூர்வ ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்த உதவிகூட, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதிப்படி முறையற்ற சலுகையாகி, ஆட்டத் தகுதிக்கே வேட்டு வைக்கலாம்.

பயணத்தில் தங்கும் அறைகளுக்குக் கணக்கு போடும்போது பலர் தலையை எண்ணி இரண்டால் வகுக்கிறார்கள். 22 வீராங்கனைகள், 4 பயிற்சிக் குழுவினர், ஆக 13 அறை என்பார்கள். பயிற்சிக் குழுவில் மூன்று பெண்கள், ஓர் ஆண் என்றால் அவர்களுக்கே 3 அறை வேண்டும். வாடகைப் பேருந்து ஓட்டுநரின் அறையும் ஒப்பந்தப்படி பெரும்பாலும் நம் தலையில்தான். ஆக 15. ஐந்து இரவுக்கு 75 அறைவாடகை. ஓர் இரவு 140 டாலர் என்று வைத்துக்கொண்டால் 10,500 டாலர். இப்படிப் பிரித்தால் கேட்பதும் சுலபம். ‘அணிக்கு உதவுங்கள்’ என்ற கடிதத்துக்குப் பதில் வருவது அரிது. ‘இரண்டு வீராங்கனைகளுக்கு ஓர் இரவுத் தங்கல், 140 டாலர்’ என்றால் கொடுப்பவருக்குத் தன் பணம் எங்கே போகிறது என்று தெரியும். அவர் வேலை செய்யும் நிறுவனம் இணைத்தொகை (ஊழியர் கொடுப்பதோடு நிறுவனமும் சேர்த்துக் கொடுப்பது) தருமா என்ற கேள்வியும் அதே கடிதத்தில் இருக்கட்டும். பலருக்கு அப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியாது.

பொருளாகக் கொடுப்பவர்களிடம் மட்டையை மட்டும் விசாரிக்காமல் வாங்காதீர்கள். மட்டை என்சிஏஏ அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும், ஆட்டத்துக்கு முந்தைய அழுத்தச் சோதனையிலும் தேற வேண்டும். பலகாலம் அடித்துப் பழகிய காம்போசிட் (கார்பன் இழை போன்ற கலவைப் பொருள்) மட்டை இதில் தோற்கலாம். குளிரிலும் அது விரிசல் விடக்கூடும்.

ஆண்டுதோறும் நின்று பலன் தருவது, மைதானத்தின் கோடியிலுள்ள அவுட்ஃபீல்டு வேலியில் கடைகளுக்கு விற்கும் பேனர் இடம்தான். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து 200 அடியில் வேலி என்றால் அதன் வளைவு ஏறக்குறைய 314 அடி. நடுவில் 40 அடியை விட்டுவிடுங்கள். பிட்ச்சரின் கையிலிருந்து வரும் மஞ்சள் பந்தை பேட்டர் அந்தப் பின்னணியில்தான் பார்க்கிறார், அங்கே பளபளக்கும் எழுத்து ஆபத்து. மீதியில் 8 அடி பேனருக்கு இடைவெளி சேர்த்து 10 அடி வீதம் கொடுத்தால் 27 இடம் கிடைக்கும். முழு வினைல் துணி காற்றைப் பிடித்து வளையங்களைக் கிழித்துவிடும், சில சமயம் வேலியையே சாய்த்துவிடும். வலைத்துணி பேனரே நிலைக்கும். கல்லூரிக்கு ஏதாவது குளிர்பான நிறுவனத்தோடு, போட்டி நிறுவனங்களை அனுமதிக்காத பிரத்தியேக ஒப்பந்தம் இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். கேட்காமல் விட்டால் விற்ற பேனரைக் கழற்ற நேரலாம். வாசகத்திலும் கவனம் தேவை. கடையின் பெயர், சின்னம், முகவரி, தொலைபேசி எண் இருந்தால் அது ஆதரவு. விலை, தள்ளுபடி, ‘இங்கே வாங்குங்கள்’ என்று எழுதினால் அது விளம்பரம். அந்த வரவுக்கு வரி கேட்கக்கூடும்.

சிறுமியருக்கான பிட்ச்சிங் பயிற்சி முகாம் நல்ல வரவு தரும், நாளைய ஆட்டக்காரர்களையும் பார்வையாளர்களையும் சேர்த்தே கொண்டுவரும். வயது, வகுப்பு, பாலினம், எண்ணிக்கை வரம்பு வைக்கலாம். மற்றபடி முகாம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும், தேர்ந்தெடுத்து அழைக்கக் கூடாது. 10 வயதுப் பிரிவுக்குப் பந்து வீசும் தூரம் 35 அடி, 11 அங்குலப் பந்து. 12 வயதுப் பிரிவுக்கு 40 அடி, 12 அங்குலப் பந்து. இது குழம்பினால் அரை மணி நேரம் போய்விடும். ஒவ்வொரு பிட்ச்சரும் தன் பந்தைப் பிடிக்க ஒரு கேட்சரை அழைத்து வர வேண்டும் என்று பதிவுப் படிவத்திலேயே எழுதுங்கள். இல்லையென்றால் பாதிப் பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பெரிய அரங்குகளின் உணவுக் கடைகளில் தன்னார்வலர்கள் நின்று விற்பனையில் பங்கு வாங்கும் முறையும் உண்டு. குலுக்கல் சீட்டு மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது, யூட்டாவில் அறவே கூடாது.

கூடவே ஒரு கோரிக்கை எழும்: “நான் இத்தனை மணி நேரம் நின்றேன், அதை என் மகளின் பயணச் செலவுப் பங்கில் கழியுங்கள்.” கேட்க நியாயமாகத் தோன்றும், ஆனால் செய்யக் கூடாது. 2013-இல் கேப்பிட்டல் ஜிம்னாஸ்டிக்ஸ் பூஸ்டர் கிளப் இப்படித் தனித்தனிக் கணக்கு வைத்ததற்காகத்தான் வரி நீதிமன்றத்தில் வரிவிலக்குத் தகுதியை இழந்தது. வசூலான பணம் முழு அணிக்கும் பொது.

250 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவருக்கு எழுத்துபூர்வ ரசீது கட்டாயம். 100 டாலர் விருந்துச் சீட்டில் 40 டாலர் சாப்பாடு என்றால் 60 மட்டுமே நன்கொடை என்று ரசீது சொல்ல வேண்டும். பொருளாகக் கொடுத்தவருக்குப் பொருளின் விவரத்தை மட்டும் எழுதுங்கள், மதிப்புப் போடுவது அவர் வேலை.

தனி அமைப்பு நடத்துபவர்கள், வரவு 50,000 டாலருக்குள் என்றால், நிதியாண்டு முடிந்த ஐந்தாம் மாதம் 15-ஆம் தேதிக்குள் 990-என் என்ற ஆண்டு அறிவிப்பை வரித்துறைக்கு இணையவழி அனுப்ப வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் வரிவிலக்குத் தகுதி தானாகவே ரத்தாகும். மகளின் படிப்பு முடிந்ததும் பெற்றோரும் விலகுவதால் பொருளாளர் அடிக்கடி மாறுவார். வங்கிக் கையொப்பம், கடவுச்சொல், இந்தத் தேதி மூன்றையும் எழுத்தில் கைமாற்றுங்கள்.