செலரித் தண்டை முதலில் வதக்குங்கள்

ஃபிரைட் ரைஸுக்கென்று ஒரு கட்டு செலரி வாங்கி, இரண்டு தண்டை நறுக்கிப் போட்டுவிட்டு மீதியை ஃபிரிட்ஜில் வாடவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. பாவம், அதன் அருமை தெரிவது எண்ணெயில் நிதானமாக வதங்கும்போதுதான். இத்தாலியர்களின் சொஃப்ரித்தோ, பிரெஞ்சுக்காரர்களின் மிர்ப்வா இரண்டுமே வெங்காயம், கேரட், செலரி சேர்ந்த வதக்கல்தான். பிரெஞ்சு முறையில் எடை விகிதம் 2:1:1. அமெரிக்காவின் லூசியானாவில் கேரட்டுக்குப் பதில் குடைமிளகாய் சேர்ப்பார்கள்.

நாலு பேருக்கான சூப்புக்கு வெங்காயம் 100 கிராம், கேரட் 50, செலரி 50, ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி போதும். மூன்றையும் அரை சென்டிமீட்டர் துண்டுகளாக, ஒரே அளவில் நறுக்குங்கள். அளவு மாறினால் வெங்காயம் கருகும்போதும் செலரி பச்சையாகவே இருக்கும். அடுப்பு சிம்மில் 12 முதல் 15 நிமிடம். ஒரு சிட்டிகை உப்பை ஆரம்பத்திலேயே போட்டால் காய் நீர் விட்டுச் சீக்கிரம் குழையும். செலரியிலேயே கொஞ்சம் உப்புச்சுவை உண்டு. மீதி உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். பச்சை வாடை போய் இனிப்பான மணம் எழுந்து, தண்டு கண்ணாடி மாதிரி ஆனதும் தண்ணீரோ தக்காளியோ ஊற்றலாம்.

வெளித்தண்டுகளின் நாரை எடுக்காவிட்டால் எவ்வளவு வெந்தாலும் வாயில் சிக்கும். வாழைத்தண்டு நார் போல விரலில் சுற்றி எடுக்க வராது. மேல்முனையைப் பின்பக்கமாக ஒடித்துக் கீழ்நோக்கி இழுத்தால் நீளமாக உரிந்து வரும். உள்தண்டுகளுக்கு இது தேவையில்லை.

கடையில் மெலிந்த தண்டும் நிறைய இலையுமாக இருப்பது சீன செலரி. வாசனை தூக்கலாக இருக்கும், பச்சையாகச் சாப்பிட ஏற்றதல்ல. ஃபிரைட் ரைஸுக்கு அதுவே மேல். இறக்குவதற்கு அரை நிமிடம் முன் தூவுங்கள். காய்கறி ஸ்டாக்கில், அதாவது காய்களைக் கொதிக்கவைத்து வடிக்கும் சாற்றில், செலரி இலையை அள்ளிப் போட்டால் கசக்கும், ஒரு லிட்டருக்கு நாலைந்து இலை போதும்.

செலரிக் கட்டைப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டிவைத்தால், அது வெளிவிடும் எத்திலீன் என்ற முதிரவைக்கும் வாயு உள்ளேயே தங்கிச் சீக்கிரம் கெடும். அலுமினிய ஃபாயிலில் தளர்வாகச் சுற்றிவைத்தால் இரண்டு வாரம் தாங்கும். துவண்ட தண்டின் அடியை வெட்டிவிட்டு ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போட்டால் மொறுமொறுப்பு திரும்பும்.

விருந்தினருக்குச் சமைக்கிறீர்கள் என்றால் செலரி ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவு லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் இதுவும் ஒன்று. வேகவைத்தாலும் அந்த ஆபத்து முழுதாகப் போகாது.