ஹாஸ்டல் காலி செய்கிறவர்களுக்கு

லீவுக்கு மூட்டைகளை ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டுப் போகப்போகும் ஜூனியர் தங்கச்சிகளே, அட்டைப்பெட்டியை மட்டும் தரையில் வைக்காதீர்கள். கரையானுக்கு அது விருந்துச் சாப்பாடு. நோட்டு, புத்தகங்களை உங்கள் குளியல் வாளியிலேயே அடுக்கி, மேலே தட்டைக் கவிழ்த்துக் கயிறு கட்டி, ரெண்டு செங்கல் மேல் ஏற்றிவிடுங்கள். மிக்சர் பாக்கெட் மிச்சம் இருந்தால் தின்று தீர்த்துவிடுங்கள், எலிக்கு வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

மெத்தையை மொட்டைமாடியில் ஒரு பகல் காயப்போட்டு அப்புறம் சுருட்டுங்கள். மதுரை சித்திரை வெயிலைத் திட்டிக்கொண்டே இருக்கிறோமே, அதுக்கும் ஒரு உபயோகம் வேண்டாமா? ஈரம் இருந்தால் ஜூனில் பூஞ்சை வாடையோடுதான் படுக்கணும்.

பவர் பேங்கைக் கையோடு எடுத்துப் போங்கள், பூட்டிய அறைச் சூட்டுக்கு அது ஆகாது. கடிகாரத்து செல்லையும் கழற்றிவிடுங்கள், கசிந்தால் கடிகாரமே போச்சு.

மூட்டையில் பெயர், டிபார்ட்மென்ட், வருடம் மார்க்கரில் பெரிதாக இருக்கட்டும். எல்லார் மெத்தையும் ஒரே கோடு போட்ட மெத்தைதான்!

தேனி, திண்டுக்கல் பக்கம் போகிறவர்கள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும், மாட்டுத்தாவணிக்கு இல்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மட்டும் பெட்டியோடு கிளம்பாதீர்கள். கோரிப்பாளையம் பக்கம் ஆட்டோ நகராது.