தட்டைக் கழுவியதும்

ஜூன் 3, 2024, திங்கள்

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. எச்பிஏ1சி 6.2. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் அளவு இது. 5.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5-ஐத் தொட்டுவிட்டால் சர்க்கரை நோய். "பார்டர்லதான் இருக்கீங்க, நடங்க" என்றார் டாக்டர். அப்பாவுக்கு இருபது வருடமாகச் சுகர். எனக்கு ஆடிட்டர் ஆபீஸில் நாள் முழுக்க நாற்காலி. வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இன்று ராத்திரியிலிருந்து நடப்பது என்று முடிவு செய்தேன். "அப்பா, நீங்களும் வாங்க" என்றேன். "முட்டி வலிக்குது பாப்பா" என்றார். அப்புறம் அவரே செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். பிள்ளையார் கோயில் வரை போய்த் திரும்பினோம், 12 நிமிடம்.

ஜூன் 5, புதன்

ஏன் ராத்திரி, காலையில் போகலாமே என்று அண்ணி போனில் கேட்டார். எனக்குக் காலையில் நேரமில்லை என்பது ஒன்று. இன்னொன்று, 2013-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு. சர்க்கரை வரும் நிலையில் இருந்த, 60 வயது தாண்டிய பத்துப் பேரை நடக்கவைத்துப் பார்த்தார்கள். ஒரே மூச்சாக 45 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளையும் சாப்பிட்டபின் 15 நிமிடம் நடப்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரையை நன்றாக அடக்கியது. பத்தே பேர்தான், சின்ன ஆய்வு. ஆனால் காரணம் புரிகிறது. நடக்கும்போது கால் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. சாப்பிட்டவுடன் படுத்தால் அது அந்த அளவுக்கு நடக்காது.

ஜூன் 15, சனி

பரண் சுத்தம் செய்தோம். தகரப் பெட்டியில் அப்பாவின் காக்கி பேண்ட் ஒன்று இருந்தது. கொல்லிமலை ரூட்டில் பஸ் ஓட்டிய காலத்தது. இடுப்பில் தையலைப் பிரித்துப் பிரித்து அகலப்படுத்தியிருக்கிறார்கள். துணியெல்லாம் வெளிறிக் கிடக்க, உள்ளே மடித்திருந்த பட்டை மட்டும் புதுக் காக்கியாகவே இருக்கிறது. ஒரு விரல் அகலம், அப்புறம் இன்னொரு விரல். "உன் அம்மாதான் பிரிச்சுத் தைப்பா" என்றார். கூட வந்த கண்டக்டர் ரிடையர் ஆகும்வரை ஒரே அளவு பேண்ட்தான் போட்டாராம்.

இதைக் கேட்டதும் எனக்கு லண்டன் ஞாபகம் வந்துவிட்டது. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் அங்கே மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். டிரைவர் வேலை நேரம் முழுக்க உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறுவார். 1953-இல் வெளியான முடிவு: கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் பிந்தித்தான் வருகிறது. மோரிஸ் அதோடு விடவில்லை. சீருடை அளவுகளை வாங்கிப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பு இளவயதிலேயே பெரிதாக இருந்தது. அப்படியானால் குறை வேலையிலா, வேலைக்கு வந்த ஆளிலா? தன் முடிவைத் தானே இப்படிச் சந்தேகப்பட்ட மனிதரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடந்தும் சைக்கிளிலும் போய்க் கடிதம் கொடுக்கும் தபால்காரர்களையும் உட்கார்ந்து வேலை செய்யும் குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் அதே வித்தியாசம்தான் தெரிந்தது. மோரிஸ் 99 வயதுவரை வாழ்ந்தார்.

அப்பாவிடம் சொன்னேன். பேண்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. ராத்திரி பிள்ளையார் கோயிலைத் தாண்டி டீக்கடை வரை போனார்.

ஜூன் 24, திங்கள்

மூன்று வாரம் ஆயிற்று. 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பார்கள். எனக்கு இன்னும் ஒவ்வொரு ராத்திரியும் மனசோடு சண்டைதான். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் கவனித்து, 2009-இல் வெளியிட்ட கணக்கு வேறு. பழக்கம் படிய நடுவாந்திரமாக 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 (12 வாரத்தைத் தாண்டியது கணக்குப் போட்டு மதிப்பிட்டது). மதியச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிகிறது, உடற்பயிற்சிக்கு நாள் பிடிக்கிறது. அவர்கள் எல்லோரும் ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு புதியதைக் கோத்துக்கொண்டவர்கள். எனக்கு அது சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது. "எட்டு மணிக்கு" என்று வைத்திருந்தால் சீரியல் ஜெயித்திருக்கும்.

ஜூலை 14, ஞாயிறு

அம்மா போய் இரண்டு வருடத்தில் அப்பா இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. 70 கொண்டை ஊசி வளைவு, பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டி, மழையில் மூடிக்கொண்ட கண்ணாடி, மேலே போய் இறங்கியதும் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு. வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்தால் "சாப்பிட்டியா" என்பதோடு சரி. தெருவில் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும்போது வார்த்தை தானாக வருகிறது.

ஹார்வர்டில் 1938-இல் தொடங்கிய ஆய்வு ஒன்று மனிதர்களை வாலிபத்திலிருந்து முதுமை வரை பின்தொடர்ந்தது. முதுமையில் உடம்பும் மனசும் நன்றாக இருந்தவர்கள் பெரும்பாலும் நெருக்கமான உறவு உள்ளவர்கள் என்று அது சொல்கிறது. நான் சர்க்கரைக்காகத் தொடங்கிய நடை. அப்பாவின் தனிமை எனக்கு ஏன் இத்தனை நாள் கண்ணில் படவில்லை என்பது உறுத்துகிறது.

ஜூலை 31, புதன்

வருமான வரி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். வீடு வர பதினொன்று ஆகிவிட்டது. நடக்கவில்லை. ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடாது என்பதும் லாலி ஆய்வில் உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு படுக்கிறேன். அப்பா நாய்க்குக் குச்சி எடுத்துக்கொண்டு தனியாகவே போய் வந்திருக்கிறார்.

ஆகஸ்ட் 7, புதன்

எடை ஒன்றரை கிலோ குறைந்திருக்கிறது. அப்பாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. அடுத்த ரத்தப் பரிசோதனை செப்டம்பர் முதல் வாரம்.

ராத்திரி டீக்கடை தாண்டியபிறகு, "கதவைப் பூட்டினியா பாப்பா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பூட்டியது ஞாபகமில்லை, செருப்பு போட்டது ஞாபகமில்லை, "வாங்கப்பா" என்று கூப்பிட்டேனா என்பதும் ஞாபகமில்லை. தட்டைக் கவிழ்த்தது மட்டும் தெரிகிறது. வேகமாகத் திரும்பி வந்து பார்த்தோம். பூட்டித்தான் இருந்தது, சாவி என் இடுப்பில்.