லிப் ஃபோல்டரும் 29-ஆம் தேதியும்

10 டிசம்பர் 2021, வெள்ளி

காலையில் போன் அதிர்ந்ததும் தஞ்சாவூர்தான் என்று பதறி எழுந்தேன். ஆபீஸ். லாக்ஃபோர்ஜேயில், அதாவது செயலியில் நடப்பதையெல்லாம் லாகில் குறித்துவைக்கும் ஜாவா லைப்ரரியில், பாதுகாப்பு ஓட்டை, தீவிரம் பத்துக்குப் பத்து, உடனே லாகின் பண்ணு.

விஷயம் இவ்வளவுதான். லாகில் எழுத வேண்டிய வரிக்குள் ஒரு டாலர் குறி, ஒரு சுருள் அடைப்பு, ஜேஎன்டிஐ (வெளியே இருப்பதைத் தேடி எடுக்கும் ஜாவா வசதி) என்று தொடங்கும் ஒரு முகவரி. லைப்ரரி அந்த வரியை அப்படியே எழுதிவைக்காமல் அந்த முகவரிக்குப் போய், அங்கே கிடைக்கும் கிளாஸை, அதாவது நிரல் துண்டை, கொண்டுவந்து ஓட்டுகிறது. கணக்கு எழுத வைத்த ஆள், வந்த கடிதத்தைப் பிரித்து அதில் சொன்ன வேலையையும் செய்து முடித்த கதை. மைன்கிராஃப்ட் சாட்டில் ஒரு வரி தட்டினாலே சர்வர் மாட்டிக்கொள்கிறது.

இரண்டாம் வரிசையில் 2.14.1 வரை ஆபத்து. எங்களிடம் மூன்று வெவ்வேறு வெர்ஷன்.

இரவு அத்தையிடம் பேசினேன். பிரசவத்துக்குத் தஞ்சாவூர் போயிருக்கும் என் மனைவிக்குக் கால் வீக்கம் குறையவில்லையாம்.

11 டிசம்பர், சனி

நாங்கள் கேட்டது ஒரு ரிப்போர்ட் லைப்ரரி. அது கேட்டது இன்னொன்று. அந்த இன்னொன்றின் மடியில் உட்கார்ந்து வந்திருக்கிறது லாக்ஃபோர்ஜே. எது எதை இழுத்து வருகிறது என்று பார்க்க, நிரலைக் கட்டும் கருவியான மேவனில் டிபெண்டென்சி ட்ரீ போட்டால் திரை நாலு தடவை உருள்கிறது. ஜாருக்குள் (லைப்ரரியைக் கட்டிவைத்த கோப்பு) ஜாராக அடைத்த இடங்களில் பெயரை வைத்துத் தேடினால் சிக்காது. ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்த முகவரியைத் தேடிப் போகும் ஜேஎன்டிஐலுக்கப் என்ற ஒரே கிளாஸை உருவி எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

ஜார்கள் கிடக்கும் அந்த லிப் ஃபோல்டரில், அப்பாச்சியின் இலவச காமன்ஸ் லைப்ரரிகளில் ஒன்றான காமன்ஸ் கலெக்‌ஷன்ஸ் 3.2.1. இன்னுமா?

12 டிசம்பர்

போன் வரவில்லை. நானே போட்டேன். தூங்குகிறாளாம்.

13 டிசம்பர், திங்கள்

3.2.1 மண்டைக்குள்ளேயே நிற்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் லீட் சொன்ன முதல் பாடம்: "நீயா எழுதாதே, காமன்ஸ்ல இருக்கும்." இருக்கும்தான். ஒரு பெயர் காலியா என்று பார்க்க இஸ்எம்ப்டி போட்டிருந்தேன். ஒருவர் பெயர்க் கட்டத்தில் ஸ்பேஸை மட்டும் தட்டி அனுப்பிவிட்டார். இஸ்எம்ப்டிக்கு அது காலி இல்லை. பெயரே இல்லாத ஒரு வாடிக்கையாளர் உருவாகிவிட்டார். அன்றுதான் வெறும் ஸ்பேஸையும் காலி என்றே சொல்லும் காமன்ஸ் இஸ்பிளாங்க் தெரிந்தது. ஜாவாவே அதைத் தன் ஸ்ட்ரிங்கில் சேர்த்தது 2018-இல், 11-ஆம் பதிப்பில். அதுவும் நல் (மதிப்பே இல்லாத நிலை) வந்தால் குப்புற விழும். காமன்ஸ் விழாது, காலி என்று சொல்லிவிட்டுப் போகும். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

ஆனால் 3.2.1? இன்வோக்கர்டிரான்ஸ்ஃபார்மர் என்று அதில் ஒரு கிளாஸ். பெயர் சொன்னால் எந்த மெதடையும் கூப்பிடும். வெளியிலிருந்து வரும் சீரியலைஸ் செய்த (பைட்டுகளாக மாற்றி அனுப்பிய) தரவை நம்பிப் பிரிக்கும் சர்வரில், அதைச் சங்கிலியாகக் கோத்து அனுப்பினால் கட்டளை ஓடும். 2015-இல் ஊரே அலறியது. 3.2.2 வந்து அதை அடைத்தது. ஆறு வருஷம் ஆகிறது.

லீடிடம் சொன்னேன். "இப்ப லாக்ஃபோர்ஜே மட்டும். மத்ததத் தொடாதே."

15 டிசம்பர்

2.15.0 போட்டு முடித்துப் படுத்தேன். அது போதாதாம். 2.16.0.

18 டிசம்பர், சனி

2.17.0. இந்தத் தடவை லுக்கப் தன்னைத்தானே கூப்பிட்டுச் சுற்றிச்சுற்றிச் செயலியைச் சாய்க்கிறதாம். சிரிப்புதான் வந்தது. அங்கே லாக்ஃபோர்ஜேக்காரர்கள் சம்பளம் இல்லாமல், சொந்த வேலை முடித்த ராத்திரியில் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். இங்கே எங்கள் மீட்டிங்கில் "அவங்க எப்ப முடிப்பாங்க?" என்று கேட்கிறார் ஒருவர். இத்தனை வருஷத்தில் நாம் அவர்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்கிறோமா?

ஸ்கேனில் குழந்தையின் தலை திரும்பிவிட்டது. நல்ல செய்தி.

21 டிசம்பர்

இந்த ஓட்டையிலிருந்து தப்பியது எங்கள் மிகப் பழைய செயலி ஒன்றுதான். அதில் லாக்ஃபோர்ஜே 1.2.17. பராமரிப்பு 2015-லேயே நின்றுபோனது. அதற்கு வேறு வியாதிகள் உண்டு, இது இல்லை. அதை வைத்திருப்பவர் இரண்டு நாளாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பேசுகிறார்.

24 டிசம்பர், வெள்ளி

3.2.1-ஐ யார் கொண்டுவந்தது என்று கிட்டில் (நிரலில் யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவு) பார்த்தேன். 2012. என் பெயர்.

ஒரே ஒரு இடம். லிஸ்ட் காலியா என்று பார்க்க கலெக்‌ஷன்யூட்டில்ஸ். நல் தானா என்று ஒரு கேள்வி, காலியா என்று ஒரு கேள்வி, நானே எழுதியிருந்தால் அரை வரி. அந்த அரை வரிச் சோம்பலுக்கு அரை மெகாபைட் ஜார். வரியை மாற்றினேன். ஜார் போகவில்லை. பீன்யூட்டில்ஸ் 1.9.2 என்ற இன்னொரு காமன்ஸ் லைப்ரரி தன் பங்குக்கு அதையே இழுத்து வருகிறது.

லீடிடம் யார் பெயர் என்று சொல்லவில்லை.

27 டிசம்பர்

லீவு கிடைத்தது. லேப்டாப்போடு போக வேண்டுமாம். நாளை ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸுக்குத் தட்கல் பார்க்கிறேன்.

28 டிசம்பர்

தட்கல் கிடைக்கவில்லை. பீன்யூட்டில்ஸை ஏற்றி, 3.2.2 வந்துவிட்டதா என்று ட்ரீ போட்டுப் பார்த்தேன். வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

29 டிசம்பர், புதன், காலை 5.10

2.17.1 வந்திருக்கிறது. போன் மூன்று தடவை அதிர்ந்தது, ஆபீஸ்தான் என்று புரண்டு படுத்தேன். மாமா. பனிக்குடம் உடைந்துவிட்டதாம். கார் சொல்லிவிட்டேன், கீழே நிற்கிறது, சார்ஜரை எங்கே