போகொட மரப்பாலம்

மலருக்கு ஒரு பள்ளி நினைவு எழுதுங்கள் என்று நம் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டதும், முதலில் மனதில் வந்தது போகொட பாலம்தான். இலங்கையின் பதுளை மாவட்டத்தில், ஹாலி-எலவிலிருந்து வடக்கே சுமார் 7 கிலோமீற்றர். பஸ்ஸிலும் ரயிலிலும் பதுளைக்குப் படிக்க வந்த நம்மில் எத்தனை பேர் அங்கே போயிருப்போம்?

நாங்கள் பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். வெள்ளைக்காரன் காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் நட்ட பிறகுதான் இந்த மலைக்குக் கதையே என்று நினைத்திருந்தோம். அதற்கு முன்பே கண்டிக்கும் பதுளைக்கும் இடையே ஆட்கள் நடந்த பாதை இது என்று, எங்கள் சமூகக்கல்வி சேர் அந்தப் பாலத்தில் நிறுத்தி வைத்துச் சொன்னார். 16ஆம் நூற்றாண்டுப் பாலம் என்கிறார்கள். கல்லந்த ஓயா என்ற சிற்றாற்றின் மேல் சுமார் 15 மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம், முழு நீளத்துக்கும் ஓட்டுக் கூரை. பக்கத்திலேயே ரஜமகா விகாரை என்ற பௌத்தக் கோயில்.

பாலத்தைக் கடந்ததும் சேர் எங்களை விடவில்லை. ஓயாக் கரையில் இறக்கி, கீழிருந்து அண்ணாந்து பார்க்கச் சொன்னார். பாரத்தைத் தாங்குவது ஒரு பெரிய அடிமரம். அதோடு பலாவும் மருதும். மருது ஆற்றங்கரையிலேயே வளர்கிற மரம், தண்ணீருக்குச் சளைக்காது. "இரும்பாணி ஒன்று காட்டுங்கள் பார்ப்போம்" என்றார். தேடித் தேடிப் பார்த்தோம், எல்லாம் மர ஆணிதான். ஈரத்தில் இரும்பு துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். மர ஆணி ஈரத்தில் ஊதி இன்னும் இறுகும். கூரையும் அழகுக்காக மட்டும் போட்டதில்லை. ஐப்பசியில் பிடிக்கும் மழை தை வரை விடாத ஊர் நம்முடையது. பலகையும் மூட்டுகளும் நனையாமல் இருந்தால்தான் பாலம் நிற்கும்.

பல வருடங்களுக்குப் பிறகு பிள்ளைகளோடு போனபோது, கறுத்த பழைய மரத்தின் பக்கத்தில் வெளிறிய புதுப் பலகைகளைப் பார்த்தேன். கைப்பிடி வேலியின் வேலைப்பாடு மட்டும் நான் சிறுவயதில் தடவிப் பார்த்த அதே மாதிரி. கூட வந்த நண்பர், "எல்லாம் புதுசு, பழசு எங்கே?" என்று குறைப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவ்வளவு மழையில் கைபடாமல் நானூறு வருடம் எந்த மரம் நிற்கும்? உளுத்ததைக் கழற்றி, அதே அளவில் அதே மூட்டோடு திரும்பப் பொருத்துகிறவர்கள் இருந்ததால்தான் இது இன்னும் பாலமாக இருக்கிறது. தொல்பொருள் திணைக்களத்தின் தச்சர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடம் பள்ளிக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பஸ் செலவை ஒதுக்குங்கள். 9ஆம் தரப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், மழை விட்ட பிறகு, மாசியிலோ பங்குனியிலோ.