பச்சை லுங்கியும் பாதுகாப்பு ஊக்கும்

பெரியவன் இந்த ஜூன்ல ஆறாம் வகுப்பு. இங்கே பர்மாவில் தொடக்கப் பள்ளி வரை வெள்ளைச் சட்டை, பச்சைக் கால்சட்டை. நடுநிலைப் பள்ளிக்குப் போனால் பச்சை லுங்கி. அதைத்தான் ஒரு வாரமாக வீட்டில் பழகிக்கொண்டிருக்கிறான்.

அவன் அப்பா நின்று காட்டுகிறார்: இரண்டு பக்கமும் இழுத்து, நடுவில் முறுக்கி, உள்ளே சொருகு. நாலு எட்டு வைத்ததும் அவிழ்கிறது. சின்னவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கடைசியில் ரகசியமாக ஒரு பாதுகாப்பு ஊக்குக் கேட்டான், கொடுத்தேன். தைத்து வாங்கிய லுங்கியும் கணுக்காலுக்கு மேலே நிற்கிறது. தையல்காரரிடம் கேட்டால், "துவைத்தால் இறங்கும்மா" என்கிறார். பருத்தி எந்த ஊரில் துவைத்தால் நீளுமோ!

திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவில் நனைந்த ஆட்டமெல்லாம் ஏப்ரலோடு சரி. போன ஞாயிறு சிரியம் தாண்டி சௌத்தான் என்ற ஊருக்குப் போனோம். ஆற்று நடுவில் இருக்கும் பகோடாவுக்கு, அதாவது புத்தர் கோயிலுக்கு, படகில் போய், கெளுத்தி மீன்களுக்குப் பொரி போட்டார்கள். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அத்தோடு கோடை முடிந்த மாதிரிதான்.

இன்னும் குடை வாங்கவில்லை, சின்னவளின் நோட்டுக்கு அட்டை போடவில்லை. கோயில் தமிழ் வகுப்பில் கற்ற 'ழ'வை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டு திரிகிறாள். மாம்பலத்தை மாம்பழம் ஆக்கிவிட்டாள்.

யாராவது லுங்கி அவிழாமல் கட்ட வழி சொல்லுங்களேன். ஊக்கு ஏற்கெனவே ஒன்று வளைந்துவிட்டது.